மார்கழி நிழல்

மதுரை
19.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்துப்பிரியா எழுதுவது. நான் சுகம். நீயும் மதினியும் அட்டைக்கடியைத் தவிர வேறு குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன்னோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. இனியும் பேசுவதாக இல்லை. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானமேறி வைகுண்டம் காட்டப் போறாளாம்" என்று சித்தப்பா வீட்டு விசேஷத்தில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய். நான் சோலார் கம்பெனியில் சேர்ந்த புதிது. நான் வேலை செய்யும் கூரையில் நீ வந்து ஏறி நிற்கிறவரை உன்னோடு பேச்சில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் உன் ஜீப்புக்காரர் என் கடிதங்களைச் சுமந்துகொண்டு மலையேறுகிறார்.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். சவுகத் அலி என்பவரின் ஜவுளிக்கடை, மூன்று மாடி. ஆடி மாதம் மொட்டைமாடி முழுக்கப் பேனல் போட்டோம். நான் பொறுப்பேற்றுச் செய்த முதல் கட்டடம். இரண்டு மாதம் ஜோராக ஓடியது. ஐப்பசியிலிருந்து மின்சாரம் குறைகிறது. கட்டடத்துக்குத் தெற்கே சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. இந்த வருஷ மழைக்குக் கன்னாபின்னாவென்று வளர்ந்து, முன்வரிசைப் பேனல்கள் மேல் நிழல் போடுகிறது. பேனல்களை மாலை கோர்ப்பதுபோல ஒன்றோடொன்று கோர்த்திருக்கிறோம். ஒன்றில் நிழல் விழுந்தால் வரிசையே சோர்ந்துபோகும்.

மரத்தை எடுத்துவிடலாம் என்கிறார் சவுகத் அலி. பொந்து விழுந்த மரம் என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைக்குமாம். ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் நிழல் மரங்களின் கிளை கழித்துக் கவாத்து செய்த உன்னைவிட விவரம் தெரிந்தவர் யார்? ஒரு நாள் வந்து பார்த்து எழுதிக் கொடு. அப்படியே கிளையையும் கழித்துக் கொடு. பொய் எழுதச் சொல்லவில்லை. பார், பார்த்ததை எழுது.

மதினிக்கு என் அன்பு.

தங்கை
முத்துப்பிரியா


போடிமெட்டுக்கு மேலே
30.11.2024

பாப்பாவுக்கு,

அண்ணன் வெள்ளைத்துரை ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சௌக்கியம். காய் எடுப்பு நடக்கிறது. உலர்த்துகிற ஸ்டோரில் புகையோடு புகையாகக் கிடக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் கையெழுத்தைப் பார்த்தே உன் மதினி ராமுத்தாய் சொல்கிறாள். அவள் ஜோசியம் எப்படியோ, சாப்பிடு.

கடிதம் கண்டேன். மூன்று வருஷமாக நான் எழுதியதற்கெல்லாம் நாலு வரியில் பதில் போட்டவள், காரியம் என்றதும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நாற்று வளரும், பூசணி வளரும். மூன்று மாடி உயர மரம் ஒரு மழைக்குக் கூரை ஏறாது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் பேசக்கூடாது. இந்த எடுப்பு முடிந்ததும் மார்கழி பிறந்து இரண்டாம் நாள் வருகிறேன். கவாத்து செய்கிற மாதம் அது இல்லை, வைகாசி மழைக்கு முன்னால் செய்வதுதான் முறை. நீ கேட்டதற்காக வருகிறேன்.

உன் கூரைக்கு ஏறமாட்டேன். மரத்தில்தான் ஏறுவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லாதே.

இப்படிக்கு
வெள்ளைத்துரை


மதுரை
8.12.2024

அண்ணனுக்கு வணக்கம்.

சுகம், சுகமறிய ஆவல். சாப்பிடுகிறேன் என்று மதினியிடம் சொல்.

வெரசா வா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதைக் கைபேசியில் பார்க்கலாம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பல் விளக்கும்போது பார்க்கிறேன், பஸ்சில் நின்றுகொண்டு பார்க்கிறேன். பத்து மணிக்குக் கோடு மலைபோல் ஏறுகிறது, பதினொன்றுக்குப் பள்ளத்தில் விழுகிறது. மேனேஜர் தினமும் கேட்கிறார். "மரம் வளர்ந்திருச்சு சார்" என்று தினமும் சொல்கிறேன்.

கிளை வெட்டச் சவுகத் அலி அனுமதி வாங்கிவிட்டார். மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் கோட்டைச்சாமி அண்ணனிடம் கயிறு இருக்கிறது. நீ கூரைக்கு வராததால் நானும் பேசமாட்டேன். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல், அவர் என்னிடம் சொல்வார். அவருக்கு இப்போதே சிரிப்பு தாங்கவில்லை.

பிரியா


போடிமெட்டுக்கு மேலே
23.12.2024

பாப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்சில் ஏறியதிலிருந்து உடம்பு வலி, மற்றபடி சௌக்கியம். நீ இளைத்திருக்கிறாய்.

மரத்தில் ஏறி இரண்டாவது கவட்டையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே நீ நிற்கிறாய். மஞ்சள் தொப்பி, இடுப்பில் வார், கையில் நோட்டு. பத்தடி தூரம்கூட இல்லை. தரையில் நின்றிருந்தால் "என்ன ஆத்தா" என்று கேட்டிருப்பேன். நான் மரத்தில், நீ கூரையில். ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இருந்து கோட்டைச்சாமி, "அண்ணே, தங்கச்சி இடது கிளையச் சொல்லுது!" என்று கத்துகிறார். என் தங்கச்சி சொல்வதை எனக்கு இன்னொருவர் மொழிபெயர்க்கிறார். வீம்பில் நீ என்னை மிஞ்சிவிட்டாய், ஒத்துக்கொள்கிறேன்.

மரத்தை அடிமுதல் நுனிவரை தட்டிப் பார்த்தேன். பொந்து எங்கேயும் இல்லை. கல்போல் இருக்கிறது. அதனால் நீ கேட்டதை எழுதிக் கொடுக்கவில்லை. கூரைப் பக்கக் கிளைகளை அடியோடு வெட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கோட்டைச்சாமி கரிப்பெட்டியோடு நாள் முழுக்க நிற்பது அந்த நிழலில். ஏலத்துக்குச் செய்வதுபோல உள்கிளைகளைக் கழித்துப் பாதி வெயில், பாதி நிழல் ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். இருபது வருஷத்தில் இத்தனை பதமாக நான் கவாத்து செய்ததில்லை. இனி உன் பேனல்கள் மேல் புள்ளிப்புள்ளியாக வெயில் இறங்கும்.

இன்னொன்று. கூரைமேல் நிழல் போடும் அந்தப் பெரிய கிளைக்குப் பன்னிரண்டு வயசுக்குக் குறையாது. அதிலிருந்து கழித்த உள்கிளையின் வெட்டில் வளையத்தை எண்ணினேன். இந்த வருஷம் வளர்ந்தது விரல் நீளம்தான். அப்படியானால் நீ பேனல் போடுவதற்கு முன் நிழல் பார்த்தது எந்த மாதம்?

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வெள்ளைத்துரை


மதுரை
2.1.2025

அண்ணனுக்கு,

இரண்டு பேருக்கும் புது வருஷ வாழ்த்து.

நீ செய்தது உதவியா உபத்திரவமா என்று தெரியவில்லை. புள்ளி வெயில் ஏலச்செடிக்கு அமிர்தம், பேனலுக்கு விஷம். ஒரு பேனலில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு நிழல் விழுந்தாலே சண்டித்தனம் பண்ணும். நீ ஒவ்வொரு பேனலுக்கும் பத்துப் பத்துப் புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு நாள் முழுக்க வேலை, நாலு பேர் கூலி, போக்குவரத்து நிறுத்தம். கோடு பழைய பள்ளத்திலேயே விழுகிறது.

சவுகத் அலிக்குப் பொறுமை போய்விட்டது. "கெளைய வெட்டிப் பாத்தாச்சும்மா. இனி மரத்தையே எடுத்துருவோம்" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

வேலை நெருக்கடி. பொங்கலுக்கு வர முடியாது. மதினி மனசு சங்கடப்படாமல் பார்த்துக்கொள்.

பிரியா


போடிமெட்டுக்கு மேலே
12.1.2025

பாப்பாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. சௌக்கியமாக இரு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் வெட்கம், பிறகு எனக்கும் சிரிப்பு. நிழல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். செடி காய்ந்துவிடக்கூடாது, அழுகிவிடவும் கூடாது. பாதி பாதி. நிழலே ஆகாத பயிர் ஒன்று உலகத்தில் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையது. சவுகத் அலியிடம் அப்படியே சொல், அண்ணன் ஏலக்காட்டு ஆள், தெரியாமல் செய்துவிட்டான் என்று.

நான் என் தப்பைச் சொல்லிவிட்டேன். என் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது. எந்த மாதம் பார்த்தாய்?

வெள்ளைத்துரை

ராமுத்தாய் எழுதுறேன் பிரியா. கடுதாசிய ஒட்டச் சொல்லி எங்கிட்டக் குடுத்தாரு, அதான் ஓரத்துல எழுதுறேன். ஒங்கண்ணன் சொல்ல மாட்டாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால மரத்துலருந்து விழுந்துட்டாரு. வலது தோள்பட்ட எறங்கிப்போச்சு. அன்னையிலருந்து எந்த மரத்துலயும் ஏறுறதில்ல, ஆள் விட்டுத்தான் கவாத்து. நீ பேசாம இருந்ததால ஒனக்குச் சொல்லல. ஒன் மரத்துலதான் மறுபடி ஏறுனாரு. வந்து நாலு நாள் சோத்தக் கையால எடுக்க முடியல. நான் சொன்னேன்னு காட்டிக்காத.


போடிமெட்டுக்கு மேலே
20.2.2025

பாப்பாவுக்கு,

பொங்கல் போய்த் தைப்பூசமும் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜீப்பு வரும் நேரத்துக்கு ரோட்டில் போய் நிற்கிறேன். இறங்குவது மளிகை மூட்டைதான். உடம்புக்கு ஏதாவதா? அப்படியென்றால் ஒற்றைச் சொல் எழுது, நான் வந்துவிடுகிறேன்.

நான் கேட்ட கேள்வி உன்னைக் குத்தியிருந்தால் அதை விட்டுவிடு. உன்னைக் கூண்டில் ஏற்றக் கேட்கவில்லை.

ராமுத்தாய் ஓரத்தில் எழுதியதை எனக்குச் சொல்லிவிட்டாள். அவளுக்கு எதுவும் மூன்று நாளுக்குமேல் வயிற்றில் தங்காது. ஆமாம், விழுந்தேன். கீழே ஏலச்செடி மெத்தைபோல் இருந்ததால் பிழைத்தேன். அன்று மல்லாக்கக் கிடந்தபோது உன் நினைப்புத்தான் வந்தது. இந்நேரம் ஏதோ ஒரு கூரைமேல் நிற்கிறாளே என்று. விசேஷத்தில் நான் உன்னை இளக்காரமாகச் சொன்னது ஊருக்காக. பெண்பிள்ளை கூரை ஏறுகிறாள் என்று நாலு பேர் சிரிக்கும்முன் நானே சிரித்துவிட்டேன். அது கோழைத்தனம். இன்றைக்கு உன் கூரைக்கு வரமாட்டேன் என்பது வீம்பு இல்லை. பயம். மரத்தில் கட்டிப்பிடிக்கக் கிளை இருக்கிறது. கூரையில் எதைப் பிடிப்பது?

பதில் போடு, ஆத்தா.

வெள்ளைத்துரை


மதுரை
8.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் ஒரு நிலையில் இல்லை. மதினி ஓரத்தில் எழுதியதைப் படித்த நாளிலிருந்து உனக்கு எழுத ஐந்து தாள் எடுத்தேன், ஐந்தையும் கிழித்தேன்.

வைகாசி ஒன்பது. நீ கேட்ட மாதம் அதுதான்.

அன்று நடுமதியம் மாடியில் நின்றேன். சூரியன் உச்சிக்கு வடக்கே இருந்தது. மரத்தின் நிழல் தெற்கே சாலையில் விழுந்தது, கூரையில் ஒரு இலை நிழல்கூட இல்லை. எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. "மார்கழியில் நிழல் விழுமா?" சூரியன் தெற்கே சாயும் என்று படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை, அண்ணே. நம் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு நிழல் என்றால் தலைக்குமேல் இருப்பது. சித்திரையிலும் அங்கேதான், மார்கழியிலும் அங்கேதான். அது இடம் மாறும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

கார்த்திகையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு முதல் கடிதம் எழுதியபோதே தெரியும். மரம் வளர்ந்தது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். முதல் கட்டடத்திலேயே தப்பு என்று தெரிந்தால் என்னை இறக்கிவிடுவார்கள். நீ விசேஷ வீட்டில் சொன்னதும் நிஜமாகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

இதோடு நிற்கவில்லை. நீ எழுதிக் கொடுக்காத தாளை ஒரு மரக்கடைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார், மரத்தில் பொந்து என்று. கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அனுமதி வந்துவிட்டது. வருகிற பதிமூன்றாம் தேதி வியாழக்கிழமை காலை வெட்டுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சூரியன் வடக்கே திரும்பிவிட்டது. நிழல் தானாகவே கூரையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது கோட்டில் பள்ளம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மரம் போகும், மரத்தோடு என் தப்பும் போகும், ஒருவருக்கும் தெரியாது. கோட்டைச்சாமி அண்ணன் புது இடம் தேடி அலைகிறார். நேற்று என் சுடிதாரை மடித்துக் கொடுத்துவிட்டு, "என்ன செய்ய பாப்பா, மரத்துக்கு நோவு வந்தா நம்ம என்ன பண்ண முடியும்" என்றார். சுடிதாரை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன்.

நீ அந்த மரத்தில் ஒரு கையால் ஏறியிருக்கிறாய். நான் உன்னை "உபத்திரவம்" என்று எழுதினேன். என்ன செய்யட்டும், சொல்.

பிரியா


மதுரை
15.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமா? உன் பதில் வரவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆட்கள் வந்து அடிமரத்தில் கயிறு கட்டிவிட்டார்கள். சவுகத் அலி கடை ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தார். கிட்டே போய், "சார், மரம் வளரல. நான் தப்பா அளந்துட்டேன். மரத்துல பொந்தும் இல்ல, அதுலயும் நான் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், இடையில் நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று தெரியும். பாதி திறந்த ஷட்டரைப் பிடித்தபடி அவர் நின்றுவிட்டார். "ஏலமலை அடிவாரத்துக் கம்பம்தான் எனக்குச் சொந்த ஊரு. எங்கிட்டயே ஏலக்காட்டுப் பிள்ள மரத்தப் பத்திக் கத சொல்லிட்டீங்களே" என்றார். வேறு திட்டவில்லை. ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டார்.

மார்கழி நிழல் விழும் இரண்டு வரிசையையும் எங்கள் கம்பெனியே கழற்றி, மாடியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஜெனரேட்டர் கொட்டகை மேல் மாற்றித் தருகிறது. அந்தக் கட்டடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். திருப்பூரில் கிடங்குகளுக்குப் பேனல் போடும் குழுவில் உதவியாளாகப் போகிறேன். இனிப் பொறுப்பு எப்போது கிடைக்குமோ தெரியாது. பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறேன். முகவரி பின்பக்கம்.

அழுதேன். பிறகு நன்றாகப் பசித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன் என்று மதினியிடம் சொல்.

நீ ஏறுவதற்குள் என் கூரை போய்விட்டது, அண்ணே.

பிரியா


போடிமெட்டுக்கு மேலே
25.3.2025

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். பாதை வேலை என்று பத்து நாள் ஜீப்பு ஒழுங்காக ஓடவில்லை. உன் கடிதம் இரண்டும் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஒன்றாக வந்தன. முதல் கடிதத்தைப் படித்ததும் சட்டையை மாட்டினேன். இரண்டாவதைப் படித்துவிட்டு ராமுத்தாய், "அதான் முடிஞ்சு போச்சே, இனி எங்க கெளம்புறீக?" என்றாள். மறுநாள் முதல் பஸ்சுக்குப் போய்விட்டேன்.

நீ திருப்பூர் போய்விட்டாய் என்று தெரிந்துதான் போனேன். நீ இருந்தால் உன்னைப் பார்க்கப் போனதாக ஆகிவிடும். எனக்குக் கூரையைப் பார்க்க வேண்டும்.

மூன்று மாடி. சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். மேலே கதவைத் தாண்டியதும் பிடிக்க ஒன்றுமில்லை. வானமும் வெயிலும் பேனலும். கால் பின்னியது. கூடவே வந்த கோட்டைச்சாமி, "அண்ணே, ஒக்காந்துக்கங்க" என்றார். உட்காரவில்லை. நின்றேன். சரியாகப் பத்து நிமிஷம், அவர் கடிகாரம் பார்த்தார். தினமும் இங்கேதான் நின்றாயா? உன்னைப் பற்றி நான் சொன்ன வார்த்தையை நினைத்து வெட்கப்பட்டேன்.

மரம் எதிரே இருந்தது. நான் கழித்த இடத்திலெல்லாம் துளிர் விட்டிருக்கிறது. ஆட்கள் உன் இரண்டு வரிசையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேனலின் ஓரத்தை நானும் இடது கையால் பிடித்துக் கொட்டகைவரை கொண்டுபோய் வைத்தேன். நல்ல கனம்.

இறங்கும்போது சவுகத் அலி டீ கொடுத்தார். "ஒங்க தங்கச்சி சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அத நெனச்சாத்தான் திட்டவும் முடியல, விடவும் முடியல" என்றார்.

ஏறி நின்றுவிட்டேன். சாட்சி கோட்டைச்சாமி, இது பொய்க் கையெழுத்து இல்லை. உன் சபதம் முடிந்தது. ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு, போடிமெட்டில் டவர் கிடைக்கிற வளைவில் நிற்பேன். போன் போடு.

வெள்ளைத்துரை


திருப்பூர்
8.4.2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இங்கே சுகம். புதுச் செருப்பு கடித்த புண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே குளித்துவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டேன். மூன்று வருஷப் பேச்சைத் தாளில் குறித்து வைத்திருந்தேன். நீ எடுத்தாய். காற்றுச் சத்தம். ஒரு ஜீப்பு ஹாரன். நீ ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று போன் காட்டுகிறது, மூன்று நிமிஷம். பிறகு நீ, "சாப்ட்டியா?" என்றாய். நான் "ம்" என்றேன். "சரி, வச்சிரட்டா?" என்றாய். இதற்கா மூன்று வருஷம் வீம்பு பிடித்தோம்? தாளைப் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. உன் குரல் எனக்கு அத்தனை வேண்டியிருந்தது என்று அந்த "சாப்ட்டியா"வில்தான் தெரிந்தது.

தாளில் முதல் வரியாக இருந்ததை இங்கே எழுதுகிறேன். கூரையில் முதல் நாள் எனக்கும் கால் பின்னியது. யாரும் பார்க்காதபோது உட்கார்ந்துகொண்டேன். நீ பத்து நிமிஷம் நின்றாய். நான் முதல் நாள் அவ்வளவு நிற்கவில்லை.

இரண்டாவது வரி, இனி எந்த மரத்திலும் ஏறாதே. எனக்காகவும் ஏறாதே.

நேற்று ஒரு கிடங்குக்கு நிழல் பார்க்கப் போனோம். தெற்கே ஒரு புளியமரம், இப்போது அதன் நிழல் அடிமரத்தைச் சுற்றியே கிடக்கிறது. படிவம் என் கையில் இருந்தது. "மார்கழியில் நிழல் விழுமா?" கணக்குப் போட்டு, கூரையில் பதினோரு அடி உள்ளே சாக்பீஸால் கோடு கிழித்து, "இதுவரை விழும்" என்று எழுதினேன். பொறுப்பாளர் சரிபார்த்து, அந்த இடத்தை விட்டுவிட்டே பேனல் போடுவோம் என்றார். கோட்டின்மேல் ஆணியும் அடித்துவிட்டேன், மழையில் அழியாது.

கணக்கு சரிதான். ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும். மார்கழி பிறந்து இரண்டாம் நாள் மதினியையும் கூட்டிக்கொண்டு வா. இந்தக் கூரைக்கு ஏணிதான், கீழே நான் பிடித்துக்கொள்கிறேன். மேலே வந்து என் பக்கத்தில் நில். நிழல் ஆணிக்கு வருகிறதா என்று இரண்டு பேரும் பார்ப்போம்.

தங்கை
முத்துப்பிரியா